ஏறி இறங்கும் முள்

பழைய காரில் டெம்பரேச்சர் முள் ஆடத் தொடங்கினால் பல பட்டறைகளில் உடனே ஏதாவது ஒரு பாகம் மாறிவிடும். முதல் வாரம் தெர்மோஸ்டாட் வால்வு கழன்று வெளியே வரும். அடுத்த வாரம் சென்சார் புதிதாகும். அதற்கும் அடங்காவிட்டால் ஃபேன் மோட்டார், ரேடியேட்டர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். முள் மட்டும் பழையபடி ஆடிக்கொண்டிருக்கும். முள் எப்போது ஏறுகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எதைச் செய்தால் இறங்குகிறது என்று யாரும் கேட்காததுதான் காரணம். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

இங்கே எடுத்துக்காட்டாக வருவது மாருதி 800. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்ற அந்தக் கார் இன்றும் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறது. 796 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட், ரேடியேட்டரோடு சேர்ந்த மின்சார ஃபேன். பானட்டைத் திறந்தால் எல்லாமே கைக்கு எட்டும் என்பதால் கற்றுக்கொள்ளத் தோதான கார். அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற முந்தைய தலைமுறைக் கார்களில் ஃபேனை பெல்ட் சுழற்றும்; அந்த வேறுபாடு முக்கியமாகும் இடத்தில் தனியாகச் சொல்லப்படுகிறது. மாருதி ஜென், சான்ட்ரோ, இண்டிகா வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எது இயல்பு, எது கோளாறு

முள் அசைவதெல்லாம் கோளாறு அல்ல. புதிய காரிலிருந்து பழைய காருக்கு மாறுபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். அண்மைக்காலக் கார்களில் முள்ளை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி பல நிறுவனங்கள் அமைத்துவிட்டன. வாடிக்கையாளர் வீணாகப் பதறக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சில சிறிய கார்களில் முள்ளே கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, சூடு மீறினால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். பழைய காரின் முள்ளுக்கும் சென்சாருக்கும் நடுவில் இப்படி யாரும் இல்லை. உள்ளே நடப்பதை அது நேராகக் காட்டிவிடும்.

ஆகவே போக்குவரத்து நெரிசலில் முள் நடுவைத் தாண்டிச் சற்று ஏறி, ஃபேன் ஓடியதும் இறங்கி, மறுபடி ஏறினால் அது ஆரோக்கியமான கார். தெர்மோஸ்டாட் வால்வு 82 அல்லது 88 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும். ஃபேன் பெரும்பாலும் 90களில் ஓடத் தொடங்கி, சில டிகிரி குறைந்ததும் நிற்கும். இந்த எல்லைக்குள் நடக்கும் அசைவைத் திருத்தப் போனால் இல்லாத நோய்க்கு மருந்து தேடுவதாகிவிடும்.

முக்கால் அளவைத் தாண்டி 'எச்' பக்கம் போவது, ஓடிக்கொண்டிருக்கும் காரில் முள் 'சி' பக்கம் படுத்துவிடுவது, நொடிக்கு நொடி துள்ளுவது ஆகிய மூன்றும்தான் கவலைப்பட வேண்டியவை. துள்ளல் ஒரு நல்ல தடயம். இன்ஜின் என்பது பல கிலோ உலோகம். அதனுள் சில லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. அத்தனையும் ஒரே நொடியில் 20 டிகிரி சூடாகவோ குளிரவோ முடியாது. ஆகவே முள் திடீரென்று துள்ளினால் மாறியது இன்ஜினின் சூடு அல்ல. ஒயரில் கோளாறு இருக்கும், அல்லது சென்சார் மேல் காற்றுக் குமிழி மோதியிருக்கும். மெதுவாக, சில நிமிடங்களில் ஏறி இறங்கினால்தான் உண்மையான சூடு.

பட்டறைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் பேனாவும் தாளும் காரில் இருக்கட்டும். முள் ஏறியபோது கார் நின்றதா, ஓடியதா? ஓடியது என்றால் என்ன வேகம், சமதரையா ஏற்றமா? ஏசி போட்டிருந்ததா? ஹெட்லைட் எரிந்ததா? காலையில் முதல் ஐந்து கிலோமீட்டரிலா, நெடுநேரம் ஓடிய பிறகா? தினமும் இன்ஜின் முழுதாக ஆறியிருக்கும் காலை வேளையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு தாள், அனுபவமுள்ள மெக்கானிக்கின் கையில் கிடைத்தால் அரை நாள் வேலையை மிச்சமாக்கும்.

முள்ளே தவறாகக் காட்டினால்

செலவே இல்லாத சோதனை இது என்பதால் இதிலிருந்து தொடங்குவது நல்லது. இன்டிகேட்டர் போடும்போது அதன் தாளத்துக்கு முள் துடிக்கிறதா? ஹெட்லைட் போட்டதும் ஏறுகிறதா? பிரேக்கை மிதித்தால் அசைகிறதா? அப்படியானால் எர்த் சரியில்லை. பாட்டரியின் நெகட்டிவ் ஒயர் பாடியிலும் கியர்பாக்ஸிலும் பிடிக்கும் இடம், டாஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டர் பலகையின் எர்த் இரண்டையும் கழற்றி, துருவைத் தேய்த்து, இறுக்கினால் போதும்.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஆடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக ஆடினால் இன்ஜினைத் தொடவே தேவையில்லை. இரண்டுக்கும் பொதுவான மின்சாரத்தில்தான் பிழை. 1960களின் நடுவிலிருந்து வந்த பல பிரிட்டிஷ் கார்களில் இந்த இரு மீட்டர்களுக்கும் 10 வோல்ட் அளவில் மின்சாரத்தைச் சீராகக் கொடுக்க ஒரு சிறு ஸ்டெபிலைசர் இருக்கும். அது கெட்டால் இரண்டு முட்களும் ஒரே பக்கமாகத் தவறும். பழைய கார் சேகரிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். தடை குறைந்தால் முள் ஏறும். கார்புரேட்டர் காலத்து மாருதியில் இதற்கு ஒரே ஒயர்தான். சாவியைத் திருப்பி வைத்துவிட்டு அந்த ஒயரைக் கழற்றினால் முள் 'சி'க்கு இறங்க வேண்டும். ஒயரின் நுனியை இன்ஜினின் வெற்று உலோகத்தில் ஒரு கணம் தொட்டால் 'எச்' நோக்கி ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் நலம். நெடுநேரம் தொட்டுப் பிடிக்கக் கூடாது, மீட்டர் கெட்டுவிடும். புதிய சென்சார் பொருத்தும்போது கசிவுக்குப் பயந்து மரையில் டெஃப்லான் டேப்பைப் பல சுற்று சுற்றுவது வழக்கம். ஒரே ஒயர் உள்ள சென்சாருக்கு அதன் உடம்புதான் எர்த். டேப் அந்தத் தொடர்பை மறைத்துவிட்டால் புதிய சென்சாரும் ஆடும். பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கும் எம்பிஎஃப்ஐ கார்களில் கம்ப்யூட்டருக்கென்று வேறொரு சென்சார் இருப்பதும் உண்டு. அதை மாற்றிவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

சந்தேகம் தீரவில்லையென்றால் இன்ஃப்ராரெட் வெப்பமானி உதவும். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. தெர்மோஸ்டாட் உறையின் மேல் குறிவைத்து, முள் காட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சிறிதளவு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேல் அளந்தால் சரியாக வரும்.

நின்றால் ஏறும், ஓடினால் இறங்கும்

மிகவும் பரவலான வடிவம் இது. சிக்னலில் நின்றதும் முள் ஏறுகிறது. சாலை கிடைத்து 40 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் இறங்குகிறது. ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுகிறது. நின்றால் ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். ஆகவே ஃபேனைத் தவிர வேறெதையும் இப்போது தொட வேண்டாம்.

காரை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, முள் நடுவைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். ஃபேன் ஓடாவிட்டால் முதலில் ஃப்யூஸ், பிறகு ரிலே. கார்புரேட்டர் மாருதி போன்ற பழைய கார்களில் ஃபேனை இயக்கும் தெர்மோ ஸ்விட்சுக்குப் போகும் இரண்டு ஒயர்களையும், சாவியைத் திருப்பிய நிலையில், ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பார்க்கலாம். ஃபேன் ஓடினால் ஸ்விட்ச் போய்விட்டது. ஓடாவிட்டால் மோட்டாரோ அதற்கு வரும் மின்சாரமோ கோளாறு. ஃபேனைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் கார்களில் இப்படி இணைக்கக் கூடாது. அவற்றில் ஏசி போட்டால் ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பான வழி. இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் கையும் சட்டை நுனியும் ஃபேனுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். மின்சார ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுழலத் தொடங்கும்.

ஒரு நாள் ஓடி, ஒரு நாள் ஓடாத ஃபேன்தான் ஆளை ஏய்க்கும். பட்டறையில் சோதிக்கும்போது நன்றாக ஓடிவிட்டு, வெயிலில் நடுச்சாலையில் நின்றுவிடும். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்தால் இப்படித்தான் நடக்கும். நின்ற மோட்டாரின் முதுகில் சுத்தியலின் மரப்பிடியாலோ குச்சியாலோ லேசாகத் தட்டியதும் ஓடத் தொடங்கினால் ஐயமே இல்லை, பிரஷ்தான். இன்னொன்றும் உண்டு. மோட்டார் மாற்றிய பிறகு இரண்டு ஒயர்களும் இடம் மாறிவிட்டால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுழலும். சத்தம் அதே சத்தம், பார்வைக்கும் அதே சுழற்சி. ஓடிவரும் காற்றை அது எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு செய்தித்தாள் துண்டை ரேடியேட்டரின் முன்பக்கம் காட்டினால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விலகினால் ஒயரை மாற்றிச் செருக வேண்டியதுதான்.

அம்பாசடரிலும் பத்மினியிலும் ஃபேனை பெல்ட் சுழற்றுவதால், அங்கே பெல்ட் தளர்வும் ஃபேனைச் சுற்றியிருக்கும் கூண்டு கழன்றுபோனதும்தான் வழக்கமான காரணங்கள். கூண்டு வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கழற்றிப் போட்ட கார்கள் ஏராளம். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

மலைப் பாதையில் ஏறும் முள்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள்; ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. இரண்டாம் கியரில் இன்ஜின் முழுச் சக்தியோடு உழைக்க, கார் மெதுவாக ஏறும். சூடு அதிகம், எதிர்க்காற்று குறைவு. சமதரையில் சமாளித்த ரேடியேட்டரின் உண்மை நிலை இங்கே தெரிந்துவிடும். நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் மட்டும் ஏறும் முள்ளும் இதே இனம்தான். காற்றுக்கு அங்கே குறையில்லை. தண்ணீர் போதுமான அளவு ஓடவில்லை, அல்லது ஓடும் தண்ணீரின் சூடு வெளியேறவில்லை.

முதல் சந்தேகம் ரேடியேட்டரின் மேல். தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. அதை வருடக்கணக்கில் ஊற்றினால் குழாய்களின் உட்சுவரில் படிவு ஏறி, வழி அடையும். சூடான ரேடியேட்டரின் முகத்தை இன்ஃப்ராரெட் வெப்பமானியால் மேலிருந்து கீழாகவும் குறுக்காகவும் அளந்தால், சூடு சீராகக் குறைய வேண்டும். ஓர் இடம் மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. செம்பு-பித்தளை ரேடியேட்டரென்றால் தொட்டியைக் கழற்றி, குழாய்களைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரை மாற்றுவதே மேல். ஒழுகலை நிறுத்த ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டுவது டிரைவர்களிடையே நெடுநாளாக இருக்கும் கைவைத்தியம். நடுவழியில் ஊர் போய்ச்சேர அது உதவும். வீட்டுக்கு வந்ததும் கழுவி வெளியேற்றாவிட்டால் ஓட்டையோடு நல்ல குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

வெளிப்பக்கத்தையும் மறக்கக் கூடாது. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சியும் புழுதியும் பஞ்சும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷனின் உயர் அழுத்தக் குழாயை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, காற்றுவழி மேலும் அடையும்.

ரேடியேட்டர் நலமென்றால் கீழ் ஹோஸைப் பார்க்க வேண்டும். வாட்டர் பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பக்கம் அது. பல கார்களில் அதன் உள்ளே ஒரு சுருள் கம்பி இருக்கும். கம்பி துருப்பிடித்து உதிர்ந்து, ரப்பரும் தளர்ந்துவிட்டால், இன்ஜின் வேகமெடுக்கும்போது உறிஞ்சும் விசையில் ஹோஸ் தட்டையாகிவிடும். வேகம் குறைந்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். நின்ற காரில் பார்ப்பவருக்குக் கோளாறே தெரியாது. ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, மற்றொருவர் கவனித்தால் பிடிபடும். புது ஹோஸின் விலை அற்பம். இதைக் கண்டுபிடிக்காமல் ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

மாருதி 800இல் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது. முள் ஏறுவதோடு பாட்டரி விளக்கும் மினுக்கினால், அல்லது ஆக்சிலேட்டரை மிதித்ததும் கிரீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட் நழுவுகிறது. பம்பின் அச்சுக்குக் கீழே ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்டினாலோ, காய்ந்த உப்புக் கோடு தெரிந்தாலோ உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள். வெறும் தண்ணீரிலேயே ஓட்டிய கார்களில் பம்பின் இறக்கைகள் அரித்துப்போவதும் உண்டு. வெளியே சொட்டு ஒழுகாது. உள்ளே தண்ணீரைத் தள்ளும் வலுவும் இராது.

குளிர்விக்கும் அமைப்புக்கே தொடர்பில்லாத இரண்டு காரணங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த கார்களில் டைமிங் பின்தங்கினால் இன்ஜின் வீணாகச் சூடாகும். ஏதாவது ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான். ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைத் தொடாமல் நீட்டினால், அதிகச் சூடான சக்கரம் எதுவென்று தெரிந்துவிடும்.

ரேடியேட்டர் மூடி

இந்தச் சிறிய பாகத்துக்குத் தனி இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆரோக்கியமான இன்ஜின் இயல்பாகவே எட்டும் வெப்பம் அது. அப்படியிருந்தும் கார்கள் உதகைக்கு ஏறி வருவதற்கு மூடிதான் காரணம். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல கார்களின் மூடியில் 0.9 என்று பொறித்திருக்கும். காற்றழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம்வரை அது உள்ளே பிடித்துவைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சமவெளியில் சுமார் 118 டிகிரிவரையும், உதகையில் சுமார் 114 டிகிரிவரையும் கொதிக்காது. கூலன்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடும்.

மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். இன்ஜினில் எந்தக் குறையும் இல்லாமலே தண்ணீர் கொதிக்கும். மூடிக்கு நடுவில் எதிர்ப்பக்கம் திறக்கும் ஒரு சிறு வால்வும் உண்டு. இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் பாட்டிலிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுப்பது அதுதான். காலையில் பாட்டில் நிறைந்திருக்க, ரேடியேட்டர் மட்டும் குறைந்திருந்தால் அந்த வால்வையோ, பாட்டிலுக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயையோ சந்தேகிக்க வேண்டும். பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக ஓட்டுபவர்கள் ஏமாறுவது இப்படித்தான். பழைய கார் வாங்கியவர் முதல் நாளே மாற்ற வேண்டிய பாகம் எதுவென்று கேட்டால் பதில் இந்த மூடிதான். அதே அழுத்த எண் பொறித்த மூடியாக இருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் வழக்கம்

முள் ஏறுவதற்கு நேர்மாறான ஒரு வடிவம் உண்டு. நகரத்தில் முள் நடுவில் நிற்கும். நெடுஞ்சாலைக்கு வந்ததும் கீழே இறங்கிவிடும். மழையில், இரவில், மலைச்சரிவில் இறங்கும்போது 'சி'யைத் தொடும். வண்டி கூலாக ஓடுகிறதென்று சொந்தக்காரர் மகிழ்வார். உண்மையில் தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது அந்த இடத்தில் தெர்மோஸ்டாட்டே இல்லை.

"நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு தேவையில்லை சார்" என்று சொல்லிக் கழற்றிவிடும் பழக்கம் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மூடிய நிலையில் சிக்கிய வால்வு ஒரு இன்ஜினையே பறித்துவிடும் என்ற பயத்திலிருந்து பிறந்த பழக்கம் அது. பயம் நியாயமானதுதான், தீர்வு தவறு. தெர்மோஸ்டாட்டின் வேலை இன்ஜின் ஒரு அளவுக்குக் கீழே குளிர்ந்துவிடாமல் காப்பது. முழுதாகத் திறந்த பிறகு அது சூட்டைக் கூட்டுவதில்லை. அடைத்துப்போன ரேடியேட்டரோ ஓடாத ஃபேனோ இருக்கும் காரில் வால்வைக் கழற்றினால் நோய் மறையுமே தவிரத் தீராது.

கழற்றியதற்கு விலையும் உண்டு. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. சிலிண்டர் சுவரும் ரிங்குகளும் வேகமாகத் தேயும். எம்பிஎஃப்ஐ காரில் கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று எண்ணிக் கூடுதலாகப் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கும், மைலேஜ் குறையும். பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டே மூடும்படி அமைந்த சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். குளிர்விக்கக் கழற்றிய வால்வினால் இன்ஜின் கூடுதலாகச் சூடாகும்.

சோதிப்பதற்கு அடுப்பும் பாத்திரமும் போதும். வால்வை நூலில் கட்டிப் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, ஒரு வெப்பமானியையும் வைத்துச் சூடாக்க வேண்டும். வால்வின் மேல் பொறித்த 82 அல்லது 88 டிகிரியை ஒட்டி அது திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் ஒரு 12, 13 டிகிரியில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்தால் மெதுவாக முழுதும் மூட வேண்டும். தாமதமாகத் திறந்தாலும், அரைகுறையாக மூடினாலும் தூக்கிப் போட்டுவிடலாம். காலையில் முதல் சில கிலோமீட்டரில் மட்டும் முள் உயர ஏறி, சட்டென்று கீழே விழுந்து, அதன் பிறகு நாள் முழுதும் ஒழுங்காக இருக்கும் காரில் இப்படித் தயங்கித் திறக்கும் வால்வு இருக்க வாய்ப்பு அதிகம். புதிதைப் பொருத்தும்போது அதன் விளிம்பிலுள்ள சின்னஞ்சிறு ஆடும் ஊசி மேல்பக்கம் வர வேண்டும். உள்ளே தங்கிய காற்று வெளியேறும் வாசல் அது.

காற்றும் ஹெட் கேஸ்கட்டும்

கூலன்ட் மாற்றிய மறுநாள் முள் ஆடினால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. பட்டறைக்காரர்கள் ஏர் லாக் என்பார்கள். காரின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து, ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை மெதுவாக ஓடவிட வேண்டும். மேல் ஹோஸை அவ்வப்போது அழுத்திவிட்டால் குமிழிகள் வெளியேறும். மட்டம் குறையக் குறைய ஊற்றி, குமிழி நின்றதும் மூட வேண்டும்.

குமிழி நிற்கவே இல்லையென்றால் விஷயம் பெரிது. சிலிண்டரில் வெடிக்கும் வாயு ஹெட் கேஸ்கட்டின் வழியே தண்ணீருக்குள் புகுகிறது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவதும், வெளியே எங்கும் ஒழுகாமல் தண்ணீர் குறைவதும், இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வருவதும் இதன் அடையாளங்கள். ஆயில் டிப்ஸ்டிக் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உறுதி. ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை படிந்திருப்பதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். மழைக்காலத்தில் குறுகிய தூரமே ஓடும் கார்களில் ஈரப்பதத்தாலும் அது வரும். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம் சில பட்டறைகளில் உண்டு. வெடித்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் காரில் அது மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றத் துணிவதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஹெட்டைக் கழற்றிவிட்டால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடுவது அரைவேலை. அலுமினிய ஹெட் சூட்டில் வளையும். நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜால் அளந்து, வளைவு சுசுகியின் எல்லையான 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினால் பரப்பைச் சமமாக்கும் ஃபேசிங் செய்த பிறகே பொருத்த வேண்டும்.

முள் திடீரென்று 'சி'க்கு விழுவதை நல்ல செய்தியாக எண்ணிவிடக் கூடாது. தண்ணீர் முழுதும் வெளியேறிவிட்ட இன்ஜினில் சென்சார் வெறும் காற்றில் தொங்கும். சூடான உலோகம் வெந்துகொண்டிருக்க, முள் குளிர் என்று காட்டும். ஏறிய முள் சட்டென்று விழுந்தால், இன்ஜின் சத்தமும் மாறினால், அந்த நொடியே ஓரம் கட்டி நிறுத்த வேண்டும்.

சாலையில் என்ன செய்வது

முள் முக்காலைத் தாண்டினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் போட வேண்டும். மே மாதத்தில் இது கொடுமைதான். ஆனால் ஹீட்டர் ஒரு சிறிய ரேடியேட்டர். கணிசமான சூட்டை அது வெளியே இழுக்கும். அப்போதும் இறங்காவிட்டால் நிழல் பார்த்து நிறுத்த வேண்டும். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்காவது தொடக் கூடாது. உள்ளே 110 டிகிரியில் அழுத்தத்தால் மட்டுமே அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி திறந்த கணமே கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணியால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று ஆன பிறகு, தடித்த துணி போட்டு, முதல் நிறுத்தம்வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பின்பே கழற்ற வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ வெடிக்கலாம். இன்ஜின் ஆறிய பின் சிறிது சிறிதாகத்தான் ஊற்ற வேண்டும்.

பழைய அம்பாசடர், பத்மினிக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. வெயிலில் இன்ஜின் இருமி நின்றுபோக, முள் நடுவிலேயே இருந்தால் அது ஓவர்ஹீட் அல்ல. பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொண்டிருக்கிறது. ஃப்யூவல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்கும் பழைய டிரைவர்களின் வழி இன்றும் பலிக்கும்.

கூலன்ட்டைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுச் சமவெளியில் உறைபனி இல்லை என்பதால் அது தேவையில்லை என்ற வாதம் தவறு. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்தான் இங்கே அதன் வேலை. பாட்டிலில் சொன்ன அளவில், கிணற்று நீர் சேர்க்காமல், டிஸ்டில்டு வாட்டரோடு கலக்க வேண்டும். வேறு வேறு வகைக் கூலன்ட்டுகளை ஒன்றாக ஊற்றக் கூடாது. கூலன்ட்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், கடும் விஷம். வடித்த கூலன்ட்டைத் திறந்த சட்டியில் விட்டால் குழந்தையோ நாயோ குடித்துவிடும். உடனே மூடி அப்புறப்படுத்த வேண்டும்.

பழுதைச் சரிசெய்த பிறகு, முள் முன்பு ஏறிய அதே சாலையில், அதே நேரத்தில், அதே சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். பட்டறை வாசலில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. அடுத்த ஒரு வாரம், காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரின் மட்டத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். முள் அடங்கியும், வெளியே ஒழுகாமலே மட்டம் குறைந்துகொண்டிருந்தால், ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்காமல் அந்தக் காரை வெளியூருக்கு எடுக்காதீர்கள்.